உணவும் மார்பகப் புற்றுநோயும்: கணக்குக் கொடுத்த பெண்கள்

மார்பகப் புற்றுநோய் வராமல் இருக்க என்ன சாப்பிடலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பதில் வரும். மஞ்சள் என்பார் ஒருவர், கிரீன் டீ என்பார் இன்னொருவர். சைவச் சாப்பாடு சாப்பிடுகிற வீட்டில் அந்த நோய் அண்டாது என்பது எங்கள் சமணக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இதில் எது மெய் என்று அறிய வேண்டுமானால், ஆயிரக்கணக்கான பெண்கள் தாங்கள் சாப்பிட்டதையும் தங்கள் உடம்புக்கு நேர்ந்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பெண்களின் கதை சுமார் நூறு வருடக் கதை. பேரேட்டோடு காலம் தள்ளிய வியாபாரி நான். அதனால் இதையும் ஒரு கணக்கு வரலாறாகவே எழுதுகிறேன்.

முதல் கணக்கு

இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர் 1926-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் 500 பேர், வராத பெண்கள் 500 பேர். இரு சாராரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்கப்பட்டன. பிள்ளைப்பேறு குறைந்தவர்களுக்கும் தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்கும் இந்நோய் கூடுதலாக வருகிறது என்பது அதில் தெரிந்தது. பதில் சொன்னதால் நோயில்லாத அந்த 500 பேருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. ஆனால் செலவுப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது கணக்கு முடிக்க முடியுமா?

ஊர் மாறினால் நோய் மாறுமா?

ஜப்பானில் அக்காலத்தில் இந்நோய் குறைவு. அங்கிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய குடும்பங்களில், தலைமுறை தாண்டத் தாண்ட இது கூடியது என்று 1973-ல் ஓர் ஆய்வு காட்டியது. 1993-ல் சீன, ஜப்பானிய, பிலிப்பைன்ஸ் வம்சப் பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் விவரமானது. மேலை நாட்டில் பிறந்தவர்களுக்கு, கீழை நாட்டில் பிறந்து வந்தவர்களைவிட 60 சதவீதம் ஆபத்து அதிகம். வந்தவர்களிலும் பத்தாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தவர்களுக்கு, புதிதாக வந்தவர்களைவிட 80 சதவீதம் அதிகம்.

வம்சம் மாறவில்லை, ஊர்தான் மாறியது. ஆனால் ஊரோடு சாப்பாடு, உடல் எடை, பிள்ளைப்பேறு எல்லாமே மாறுகின்றனவே, இதில் எது காரணம்? பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது வேற்றாள் கேள்வி அல்ல. கொழுப்பு அதிகம் சாப்பிடும் நாடுகளில் இந்நோய் அதிகம் என்று 1970-களில் நாடுகளின் பட்டியலை வைத்துச் சொன்னார்கள். பட்டியல் சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது.

நர்சுகளின் தபால்

1976-ல் அமெரிக்காவின் 11 மாநிலங்களிலிருந்து 1,21,700 நர்சுகள், தபாலில் வந்த வினாப்படிவத்தை நிரப்பி அனுப்பினார்கள். கருத்தடை மாத்திரை பற்றி அறியத் தொடங்கிய ஆய்வு அது. 1980-ல் சாப்பாட்டுக் கேள்விகளும் சேர்ந்தன. 60,000-க்கும் மேற்பட்டவர்கள் கால் நகத்தை வெட்டி அனுப்பினார்கள் என்றால் பாருங்களேன்! செலினியம் என்ற தாதுப்பொருள் காப்பாற்றுமா என்று நகத்தில் பார்த்தார்கள். காப்பாற்றவில்லை என்று 1990-ல் பதில் வந்தது. அதற்கு முன்பே 1987-ல் 89,538 பேரின் கணக்கைப் பார்த்தபோது, கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் அதிகம் என்றும் தெரியவில்லை. ஆனால் மது அருந்துகிறவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்பது அதே வருடம் தெரிந்தது. தேடியது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது.

குலுக்கலில் விழுந்த உணவு

அப்படியானால் சாப்பாட்டை மாற்றியே பார்த்துவிடலாம் என்று 1993-ல் அமெரிக்க அரசின் பெண்கள் நல ஆய்வில் ஆள் சேர்த்தார்கள். 50 முதல் 79 வயது வரை, மாதவிடாய் நின்ற பெண்கள் 48,835 பேர் சேர்ந்தார்கள். யார் சாப்பாட்டை மாற்றுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. நூற்றுக்கு 40 பேர் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியம் கூட்ட வேண்டும். மீதி 60 பேர் வழக்கம்போல் சாப்பிடலாம். முதல் வருடத்தில் மட்டும் 18 வகுப்புகள். வெண்ணெயும் சீஸும் பழகிய நாக்கை அறுபது வயதில் மாற்றுவது லேசுப்பட்ட விரதமா?

2006-ல் கணக்குப் பார்த்தார்கள். சராசரி எட்டு வருடத்தில், மாற்றியவர்களில் 655 பேருக்கும், மாற்றாதவர்களில் 1,072 பேருக்கும் நோய் வந்திருந்தது. குழுக்களின் அளவுக்கு ஏற்பப் பார்த்தால் 9 சதவீதம் குறைவு. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். அதோடு அவர்கள் கடையைக் கட்டவில்லை. ஏறக்குறைய 20 வருடம் பின்தொடர்ந்த கணக்கு 2019-ல் வெளிவந்தது. உணவை மாற்றிய குழுவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 சதவீதம் குறைவு. பெரிய லாபம் இல்லை, ஆனால் நட்டக் கணக்கும் இல்லை.

நம் நாட்டுப் பதில்

சைவம் காக்குமா என்ற நம்ம கேள்விக்கு நம் நாட்டுப் பெண்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் பல மருத்துவமனைகளில் நோய் வந்த 2,101 பெண்களிடமும் வராத 2,255 பெண்களிடமும் கேட்டு எழுதிய ஆய்வு 2017-ல் வெளியானது. வராதவர்களில் பலர் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். பிறந்தது முதல் சைவமாக இருந்தவர்களுக்கு இந்நோய் குறைவு என்று அதில் தெரியவில்லை.

நாங்கள் புலால் உண்ணாதது அகிம்சைக்காக. அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது, அதற்குப் புற்றுநோய் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "நம்ம வீடு சைவம்தானே" என்று மார்பில் தட்டுப்படும் கட்டியை அலட்சியம் செய்யும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. எண்ணெயும் இனிப்பும் கூடி உடம்பு பெருத்தால், மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. அதற்குச் சைவம் அசைவம் பேதம் இல்லை.

எந்தத் தானம்?

சமண நூல்கள் ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்கின்றன. இந்தப் பெண்கள் கொடுத்ததைச் சாத்திர தானத்தில் சேர்க்கிறேன். கொடுத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவர்கள் தந்த அறிவு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொரு விரதமும் உண்டு: கொடாததைக் கொள்ளாமை. சம்மதம் கேளாமல் எடுத்த ரத்தமும் தகவலும் தானத்தில் சேராது.

ஆகவே நம் வீட்டுப் பெண்களை யாராவது ஆய்வுக்கு அழைத்தால், "நமக்கெதுக்கு வம்பு" என்று கதவைச் சாத்தவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதித்ததா? சிகிச்சையை மாற்றிப் பார்க்கும் ஆய்வானால், 2007 முதல் உள்ள இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்ததா? இடையில் விலகலாமா? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? சம்மதப் படிவம் தமிழில் கிடைக்குமா? வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை விடாமல் கேட்க வேண்டும். திருப்தியான பதில் வந்தால், சேர்வதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். நாம் கூட இருந்து, ஆஸ்பத்திரிக்குத் துணை போனால் போதும்.