சீனத்து ஊசியும் தீராத சோர்வும்

இராமநாதபுரத்திற்கு வடக்கே உள்ள தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளே ஒன்பது கற்கள் நிற்கின்றன. இலங்கைக்குப் புறப்படுமுன் இராமபிரான் நவக்கிரகங்களை வழிபட நாட்டியவை என்பது தலபுராணம். அவற்றை நவபாஷாணம் என்பர். பழனியில் அதே சொல்லுக்கு வேறு பொருள்; போகர் ஒன்பது நச்சுப் பொருள்களைக் கட்டி முருகன் திருவுருவத்தைச் செய்தார் என்பது அங்குள்ள மரபு. அந்தப் போகரையும் சீன நாட்டையும் இணைத்துப் பேசுவது நம்மவர் வழக்கம். அதனை வரலாறு என்று கொள்வதற்கில்லை.

நான் பிறந்து வளர்ந்தது அக்கடற்கரையில். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். காய்ச்சல் ஒன்று வந்து நீங்கியபின் அவருடைய உடல் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. ஒரு நாள் கடலில் நீராடிக் கற்களை வலம் வருவார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் எழ இயலாது பாயிலேயே கிடப்பார். ‘சோம்பல்’ என்று வீட்டார் கூறினர்; சிறுவனாகிய நானும் அவ்வாறே எண்ணினேன். அண்மையில் கல்லூரி மாணவி ஒருத்தி, “ஐயா, நாட்பட்ட களைப்பு நோய் அக்குபங்சரால் தீருமா?” என்று வினவியபொழுது, அந்தப் பாய்தான் என் நினைவுக்கு வந்தது.

சீனருக்கும் நம் கரைக்கும் தொடர்பு பழமையானது. இராமநாதபுரத்திற்குத் தெற்கே பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. சீனத்தின் சுவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஆயினும், பீங்கானோடு ஊசி மருத்துவமும் இக்கரைக்கு வந்தது என்பதற்குச் சான்று காட்டுவாரில்லை.

இந்தியாவிற்கு அது வந்தது வேறு வழியில். ஜப்பானியரோடு சீனர் போரிட்ட காலத்தில், 1938-இல், இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அங்கே அனுப்பிற்று. அவர்களுள் சோலாப்பூரில் பிறந்த டாக்டர் கோட்னிஸ் 1942-இல் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். அவருடைய தோழரான டாக்டர் பி. கே. பாசு தாயகம் திரும்பினார். பின்னர் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சரைக் கற்று வந்து, 1959 முதல் கல்கத்தாவில் அதனைப் பரப்பினார். இதில் ஒரு வியப்பு உண்டு. சீனப் பேரரசரே 1822-இல் தம் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து இக்கலையை நீக்கிவிட்டிருந்தார்! அரசு ஆதரவுடன் அது மீண்டும் தலையெடுத்தது 1949-க்குப் பின்னரே.

இனி நோயின் வரலாற்றைப் பார்ப்போம். 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு, ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் பொருள்பட நியூரஸ்தீனியா என்ற பெயரை வழங்கச் செய்தார். நீராவி எந்திரமும் தந்தியும் செய்தித்தாளும் மனிதனை அலுக்கச் செய்தன என்பது அவர் கருத்து. வானொலியைக் கேட்டிருந்தால் அதனையும் சேர்த்திருப்பார்! இப்பெயர் கிழக்கே சென்று சீனத்தில் வேரூன்றிற்று. அங்குள்ள மருத்துவர் மூலிகையும் ஊசியும் கொண்டு அதற்கு மருத்துவம் செய்தனர். 1955-இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர் சுமார் 300 பேர் ஒருவித நோயால் வீழ்ந்தனர். மருத்துவமனையையே சில காலம் மூட நேர்ந்தது. அது வெறும் மனப்பிராந்தி என்று 1970-இல் எழுதியவரும் உளர். ‘நாட்பட்ட களைப்பு நோய்’ என்ற பெயர் அமெரிக்காவில் 1988-இல் வரையறுக்கப்பட்டது.

அந்நோயை அறிந்துகொள்ளும் முதன்மையான குறி எது தெரியுமா? சிறிது உழைத்தாலும், பல மணி நேரமோ ஒரு நாளோ கழித்து, உடல் அடியோடு தளர்ந்து போதல். பெரியம்மாவுக்கு இருந்தது அதுவேதான் என்று முடிவு கூற நான் மருத்துவனல்லன். எனினும் குறி ஒத்திருக்கிறது.

மாணவியின் வினாவுக்கு வருகிறேன். சில வகை வலிக்கும், அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கும் அக்குபங்சர் பயன் தரும் என்று 1997-இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று கூறிற்று. களைப்பு நோயைப் பற்றியோ, சீனத்திலும் பிறவிடங்களிலும் செய்த ஆய்வுகள் பல சிறியவை, செப்பமும் குறைந்தவை. ஊசி குத்தப்பட்டதா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடுமாதலால், மாத்திரையைச் சோதிப்பது போல் இதனைச் சோதித்தல் எளிதன்று. தோலைத் துளைக்காத போலி ஊசியைக்கூட ஆய்வாளர் செய்து பார்த்திருக்கின்றனர். இந்நோயை அறவே தீர்க்கும் மருந்து எதுவும் இல்லை என்று பிரிட்டிஷ் வழிகாட்டி நூல் 2021-இல் எழுதிற்று. உடற்பயிற்சியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் பழைய முறையையும் அது கைவிட்டது. உள்ள வலிமைக்குள் அடங்கி நடக்குமாறு கூறிற்று. அலைகளில் நின்று ஒன்பது கற்களையும் சுற்றி வருமாறு பெரியம்மாவை நாங்கள் வற்புறுத்தியது எத்தனை முறை!

மாணவியிடம் இவ்வளவையும் கூறினேன். ஊசி குத்திக்கொள்வதாயின் புதிய ஊசியாக இருத்தல் வேண்டும் என்றும், மருத்துவரின் சோதனையை விட்டுவிடலாகாது என்றும் சேர்த்துச் சொன்னேன். நோய் அவளுடைய தாயாருக்காம். “வீட்டில் நம்ப மறுக்கிறார்கள், ஐயா,” என்றாள். அவளுடைய தந்தையாரைச் சந்திக்க அடுத்த வாரம் அவர்கள் இல்லத்திற்குச் செல்கிறேன்.