உளவுடல் அறிகுறியும் மொழியும்

மனத்தின் நெருக்கடி உடலில் வலியாகவோ மரத்துப்போதலாகவோ மூச்சடைப்பாகவோ வெளிப்படுவதை உளவுடல் அறிகுறி என்பர். நோயாளி நடிப்பதில்லை, வலி உண்மையானது. அந்த வலிக்கும் அவர் பேசும் மொழிக்கும் உள்ள உறவை ஆழமாக ஆராய்ந்த துறை உளப்பகுப்பாய்வு.

வியன்னாவில் 1880 முதல் 1882 வரை யோசப் பிராயர் மருத்துவம் பார்த்த ‘அன்னா ஓ.’ என்ற இளம்பெண்ணுக்குக் கை செயலிழந்தது. தாய்மொழியான ஜெர்மனும் மறந்து, சில காலம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். பேசப் பேச அறிகுறிகள் தணிந்ததால், ‘பேச்சு மருத்துவம்’ என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் முகவலியால் வருந்திய இன்னொரு பெண்ணும் வருகிறார். கணவர் சொன்ன ஒரு சொல் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதும் வலி நீங்கியது. அறிகுறியே மொழியைப் போல அமைந்தது என்று பின்னாளில் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான் வாதிட்டார். பியர் மார்ட்டியின் பாரிஸ் குழுவினர் எதிர்த்திசையில் சென்றனர்: உணர்வுக்குச் சொல் கிடைக்காதபோதுதான் உடல் நோயுறுகிறது என்றனர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வெவ்வேறு நோயாளிகளிடம் இரண்டையும் காணலாம்.

சிங்கப்பூரில் உடலுக்கும் மொழிக்கும் உள்ள உறவுக்குப் பெரும் சான்று, 1967ஆம் ஆண்டில் நிகழ்ந்த ‘கோரோ’ என்ற அச்சநோயின் பரவல். பன்றிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆணுறுப்பு உள்ளிழுத்துக்கொள்ளும், உயிரே போய்விடும் என்று அக்டோபர் இறுதியில் வதந்தி கிளம்பியது. உறுப்பைக் கையால் பற்றியபடியே ஆண்கள் மருத்துவமனைகளுக்கு ஓடினர். ஆய்வுக்குழு பதிவு செய்தது 469 பேரை; மிகப் பெரும்பாலோர் சீன ஆண்கள். ஆண்மை நீக்கத்தின் அச்சம் என்று பிராய்டு வழியில் விளக்குவோர் உண்டு. அது மட்டும் போதாது. அந்த அச்சம் எல்லாச் சமூகத்திலும் இருக்கக்கூடும். உறுப்பு சுருங்கினால் சாவு என்ற நோய்க்கருத்தும் அதற்கொரு பெயரும் சீன மரபில் ஏற்கெனவே இருந்தன. மருத்துவர்கள் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் தெளிவாகப் பேசிய பிறகு, நவம்பரில் பரவல் அடங்கியது. சொல் மூட்டிய நோயைச் சொல்லே தணித்தது.

தமிழரும் துயரத்தை உடலில் வைத்தே சொல்கின்றனர்: நெஞ்சை அடைக்குது, வயிறு எரியுது, தலை கனக்குது. உணர்வு மெய்யில் தோன்றுவதற்குத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே ஒதுக்கியது. பெங்களூரில் நடந்து 1996இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வைச் சொல்லும் அறிகுறிகள் கூடக்கூட நோயாளிகள் உணர்ந்த களங்கமும் கூடியது. உடல்வலி அறிகுறிகளில் அது தலைகீழாக இருந்தது. ஆகவே வயிற்றைச் சொல்வது அறியாமை அல்ல, மானத்தைக் காக்கும் வழியும்கூட.

சிங்கப்பூரின் ஈசூன் போன்ற பேட்டைகளில் இப்படி உடல் வழியே சொன்ன துயரத்தை மொழிபெயர்ப்பது அன்றாடப் பிரச்சினை. 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ தமிழ் மூத்தோருக்காக ஆங்கிலத்தில் பேசுவது பெரும்பாலும் மகனோ பேத்தியோதான். ‘வயிறு எரியுது’ என்பது வெறும் ‘காஸ்ட்ரிக்’ ஆகிவிட்டால், யார்மீது எரிச்சல், எந்த இழப்பில் எரிச்சல் என்ற கேள்வி எழாமலே போய்விடும். உடல் நோய் உண்டா என்பதை முதலில் சோதித்தே தீர வேண்டும். அத்துடன், பெரியவர் சொன்ன சொல்லை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று அவரிடம் தமிழிலேயே கேளுங்கள்.