மேடை கட்டியது யார்?

1971 தேர்தலில் ரேபரேலியில் இந்திரா காந்தி ராஜ் நாராயணை 1,11,810 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். தோற்றவர் வழக்குப் போட்டார். போர்வை, வேட்டி, சாராயம் கொடுத்தார்கள், செலவு வரம்பை மீறினார்கள், அவர் கட்சியின் தேர்தல் சின்னமான பசுவும் கன்றும் மதச் சின்னம் என்று புகார்ப் பட்டியல் நீளமானது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா இவை எதையும் ஏற்கவில்லை. கடைசியில் நின்றவை இரண்டு, இரண்டுமே பார்வைக்கு அற்பமானவை.

ஒன்று, மேடை. பிரதமர் பேசிய பிரச்சாரக் கூட்டங்களுக்கு மேடை போட்டது பொதுப்பணித் துறை. ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்ததும் அரசுத் துறைதான். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஏற்பாடுகளில் இருந்தார்கள். பிரதமரின் பாதுகாப்புக்காக என்றது இந்திரா தரப்பு. பாதுகாப்பு வேறு, வேட்பாளர் உயர்ந்து நின்று பேச வசதி செய்து தருவது வேறு என்றார் சின்ஹா.

இன்னொன்று, யஷ்பால் கபூர். பிரதமர் செயலகத்தில் சிறப்புப் பணி அதிகாரியாக இருந்தவர். 1971 ஜனவரி 13-ல் ராஜினாமா கொடுத்தார். வாய்மொழியாக அன்றே ஏற்றுவிட்டதாகப் பிரதமரின் செயலர் பி.என்.ஹக்ஸர் சாட்சி சொன்னார். ஏற்பு ஆணை வந்ததோ ஜனவரி 25-ல். அதற்குள் கபூர் ரேபரேலியில் வேலை பார்க்கத் தொடங்கியிருந்தார். ஆணை வரும்வரை அவர் அரசு ஊழியரே என்றது தீர்ப்பு. தேர்தல் செல்லாது, ஆறு ஆண்டுகள் தகுதியிழப்பு.

உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தது, மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது எல்லாம் வாசகர்கள் அறிந்த கதை. அந்த இரைச்சலில் காதில் விழாமல் போனது ஆகஸ்ட் மாதத் தேர்தல் சட்டத் திருத்தம். அரசு ஊழியர் தம் அலுவலகக் கடமையாகச் செய்யும் ஏற்பாடு தேர்தல் உதவி ஆகாது. ராஜினாமா எந்தத் தேதியிலிருந்து என்று அரசிதழ் சொல்கிறதோ அதுவே முடிவு. சின்ஹா தீர்ப்பின் இரண்டு தூண்களுக்கும் அளவெடுத்து வெட்டிய திருத்தம், அதுவும் முன்தேதியிட்டு! நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம், பிரதமரின் தேர்தலை வழக்குகளுக்கு அப்பால் வைத்த அரசியலமைப்பின் 329ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவை ரத்து செய்தது. ஆகஸ்ட் மாதத் தேர்தல் சட்டத் திருத்தங்களையோ ஏற்றது. இந்திராவின் வெற்றி அவற்றால்தான் பிழைத்தது.

1977-ல் அதே ரேபரேலியில் ராஜ் நாராயண் வென்றார். அலகாபாத்தில் அவருக்காக வாதாடிய சாந்தி பூஷண் ஜனதா அரசின் சட்ட அமைச்சரானார். அவர் காலத்தில் வந்த 44-வது திருத்தம் 329ஏ-வை முழுதாகத் துடைத்தெறிந்தது. மேடைக்கும் ராஜினாமாவுக்கும் வழிவிட்ட வரிகளோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் இன்றும் இருக்கின்றன.

(தொடரும்)