உறைக்குள் ஆறு தோட்டா

அவசரகாலத்துத் தோட்டப் புகைப்படங்களில் நான் முதலில் தேடுவது துரையின் இடுப்பை. அரைக்கால் சட்டை, அகலமான பெல்ட், வலப்பக்கம் தொங்கும் துப்பாக்கி உறை. துப்பாக்கி கண்ணுக்குத் தெரியாது. அதை மூடியிருக்கும் தோலோ கித்தான் துணியோதான் தெரியும். உறையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மலாயாத் தோட்டத் தமிழரின் பன்னிரண்டு வருஷக் கதையில் ஒரு பகுதி அதற்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை அவசர அவசரமாக ஆள் சேர்த்தார்கள். சில மாதங்களில் எண்ணிக்கை ஏறத்தாழ 30,000-ஐத் தொட்டது. பெரும்பாலும் மலாய்க்காரர்கள், தமிழர்கள் சிலரும் அந்தச் சீருடையைப் போட்டார்கள். அவர்கள் தோளில் ரைபிள், துரையின் இடுப்பில் கைத்துப்பாக்கி. துரை பங்களாவைச் சுற்றி முள்கம்பி, ஜீப்பின் பக்கவாட்டில் இரும்புத் தகடு.

இந்தச் சூழலில் துரை எந்த மாதிரி உறையைத் தேர்ந்தெடுத்திருப்பார்? சினிமா பார்த்து வளர்ந்த நாம் சட்டென்று உருவ வசதியான உறை என்போம். ஆனால் மலாயாவின் நிலைமை வேறு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வந்து சேரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் கிடைத்தது, 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படையைக் கலைத்தபோது ஒப்படைக்காமல் காட்டில் புதைத்து வைத்தது, மிச்சத்துக்கு அடுத்தவனிடமிருந்து பறித்தது. இவ்வளவுதான் அவர்களுடைய கையிருப்பு. ஆகவே ஒரு தோட்டத்தைத் தாக்குவதில் துரையைக் கொல்வது ஒரு நோக்கம் என்றால், அவர் துப்பாக்கியோடு காட்டுக்குத் திரும்புவது இன்னொரு நோக்கம். உருவும் வேகத்தைவிட, பிறர் கைக்குப் போகாமல் இருப்பது முக்கியமானது. அதனால்தான் பட்டன் வைத்த மூடி. அதனால்தான் ரிவால்வரின் பிடியில் இருக்கும் வளையத்தில் கயிறு கட்டித் தோளிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்வது.

அடுத்தது நம் ஊர் மழை. தோல் பார்க்க அழகு. ஆனால் இந்த ஈரத்தில் அது காயவே காயாது, பூஞ்சணம் பூக்கும். பதனிட்ட தோலில் இருக்கும் புளிப்புச் சத்து பித்தளையைத் தின்னும். துலக்காத குத்துவிளக்கில் பிடிக்குமே பச்சைக் களிம்பு, அதே களிம்பு தோல் பட்டையில் செருகிய தோட்டாக்களிலும் ஏறும். களிம்பேறிய தோட்டா அறைக்குள் சிக்கும். இரும்பு உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். பிரிட்டிஷ் ராணுவம் 1937 மாதிரியில் பருத்திப் பட்டையில் நெய்த உறையைக் கொடுத்தது. காட்டு ஈரத்துக்கு அதுவும் போதாதென்று, எடை குறைந்த, சீக்கிரம் மட்காத 1944 மாதிரிப் பட்டைச் சாமான்களைக் கிழக்காசியக் காடுகளுக்காகவே செய்தார்கள். நல்ல உறைக்கு வேண்டிய குணங்கள் அன்றும் இன்றும் ஒன்றுதான்: விசையை முழுசாக மூட வேண்டும், பெல்ட்டில் ஆடாமல் நிற்க வேண்டும், வாய் சுருங்காமல் ஒரே கையால் திரும்பச் செருக முடிய வேண்டும், நனைந்தால் காய வேண்டும், அடுத்தவன் இழுத்தால் வரக்கூடாது.

இதெல்லாம் உறையை மாட்டியவனின் கணக்கு. எதிரே நின்றவர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. நான் வளர்ந்தது சி ரூசா பக்கம், போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில். பாட்டி அந்த வட்டாரத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். எமர்ஜென்சி பற்றிக் கேட்டால் அவர் கட்சி, கொள்கை எதையும் சொல்லமாட்டார். "பெரட்டுல தொர மொகத்த யாருய்யா பாத்தா? இடுப்பத்தான் பாப்போம். உறை பட்டன் பூட்டியிருந்தா அன்னைக்கு நல்ல நாளு. தொறந்து கெடந்தா ராத்திரி எங்கயோ என்னமோ நடந்திருக்கு. காண்டாவ தூக்கிக்கிட்டு வாய தொறக்காம மரத்துக்குப் போயிருவோம்."

பத்திரிகை வராத லயத்தில் அந்த பட்டன்தான் செய்தித்தாள். காட்டிலிருந்து வருபவன் அரிசி கேட்பான். கொடுத்தால் சட்டம் பிடிக்கும், கொடுக்காவிட்டால் அவன் பிடிப்பான். இரண்டு பக்கமும் துப்பாக்கி. லயத்தில் இருந்தவர்களுக்கு அதைத் தொடும் உரிமையும் இல்லை, அதிலிருந்து விலகிப்போக வழியும் இல்லை.

தொட்டால் என்ன ஆகும் என்பதை 1949 காட்டியது. அவசரகால விதிப்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி ஏந்தினால் மரணம். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி அந்த மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் பிடிபட்டார். குற்றம்: ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். இந்திய அரசு கருணை கேட்டுப் பார்த்தது. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய சம்மேளனத்தை அரசு அதற்கு முந்தைய வருஷமே சட்டத் திருத்தத்தால் முடக்கிவிட்டிருந்தது. துரைமார் தினமும் பெரட்டுக்கு மாட்டிவந்ததும் அதே சாமான்தான். அவர்களுடையது உறைக்குள் இருந்தது, உறைக்குப் பின்னால் லைசென்ஸ் இருந்தது.

இன்னொரு பெயர் சாம்பசிவம். அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டு: துப்பாக்கி ஏந்தியது, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. துப்பாக்கிக்கு மறுவிசாரணை நடத்தி மரண தண்டனை விதித்தார்கள். 1950-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. இரண்டையும் வைத்திருந்ததாகச் சொல்லும் ஒரே வாக்குமூலத்தை வைத்துத்தான் தண்டனை. தோட்டா விஷயத்தில் ஒருவன் நிரபராதி என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, அந்தத் தீர்ப்பே இல்லாததுபோல் அடுத்த நீதிமன்றம் நடந்துகொள்ள முடியாது என்றது பிரிவி கவுன்சில். உலகெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. ஆனால் அதே வருஷம் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் அனுமதியில்லாத துப்பாக்கிக்கு மரணம் என்பதைத் தொடர்ந்தது. அந்தச் சட்டம் நீங்கியது 2012-இல்தான்.

உறையும் மாறியது. 1970-களில் அமெரிக்காவில் பில் ராஜர்ஸ் என்ற முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி உறைகளுக்கு ஒரு சோதனை வகுத்தார். மாட்டியிருப்பவனின் இடுப்பிலிருந்து எதிராளி 5 வினாடி முழுப் பலத்தோடு இழுத்தாலும் துப்பாக்கி வரக்கூடாது. தாங்கும் பூட்டுகளின் எண்ணிக்கைப்படி படி ஒன்று, இரண்டு, மூன்று. தோல் போய், மழையில் ஊறாத பிளாஸ்டிக் வந்தது. இன்று காவல் வேலைக்கு உறை தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்பது இந்தப் படியைத்தான். மலாயாத் தோட்டத்தில் கயிறும் பட்டனும் பார்த்த வேலை அது.

சி ரூசா ராணுவ முகாமில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. 1933-இல் 25 பேரோடு மலாய் ரெஜிமெண்ட் தொடங்கிய ஊர் போர்ட்டிக்சன், அதனால் அது அங்கே இருப்பது பொருத்தம்தான். பள்ளிப் பிள்ளைகள் பீரங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கைத்துப்பாக்கியைப் பார்த்தால், அது எத்தனை தூரம் சுடும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதை இடுப்பில் மாட்ட யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் சொல்லுங்கள். சொல்லும்போது கணபதி, சாம்பசிவம் என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.