பாடசாலைத் தோட்டத்தின் மூன்றாவது கேள்வி



இந்த விடுமுறையில் பாடசாலையின் பின்வேலியைத் துப்புரவாக்கி, இன்டர்லொக் கல் பதித்து, பூச்சாடி வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. முடிவெடுக்க முதல் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

இலங்கையில் பாடசாலைத் தோட்டத் திட்டம் 1901இல் தொடங்கியது. சி. டிறீபெர்க் என்பவர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிர்ச்செய்கை பழக்குவதே நோக்கம். அன்று செடியிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சாப்பிட உதவுமா? அதில் பிழையில்லை. 2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன நாடு இது.

இரண்டாவது கேள்வி: பார்க்க அழகா? அதை மட்டும் கேட்டதற்கு நாம் இன்னும் விலை கொடுக்கிறோம். ஊதாப்பூவுக்காக 1905இல் ஆற்றுவாழையைக் கொண்டுவந்தார்கள். 1909இல் அதை ஒழிக்கவே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. குளங்களை அது இன்றும் மூடுகிறது. 1926இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்த நாயுண்ணி, உடவளவையில் யானைகளின் புல்வெளிக்குள் புகுந்துவிட்டது.

எல்லா அழகுச்செடியும் அப்படிப் பரவுவதில்லை. ஆனாலும் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: இதை நம்பி எது வாழ்கிறது?

வண்ணத்துப்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். கண்ட செடியில் முட்டை இடாது. அதன் குடம்பிக்குக் குறிப்பிட்ட இலைதான் உணவு. ஒரு இனத்துக்கு எருக்கலை, இன்னொன்றுக்குக் கொன்றை, மற்றொன்றுக்குக் கறிவேப்பிலை. நாவல் பழுத்தால் குயிலும் அணிலும் வௌவாலும் தேடி வரும். பூச்சாடிக் குரோட்டன்களைத் தேடி அப்படி வருவது குறைவு.

சுற்றாடல் பாடத்தில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று நாம் படம் காட்டிப் படிப்பிக்கிறோம். அந்த நான்கும் உயிரோடு இருக்கும் இடம்தான் “பத்தை” என்று நாம் வெட்டப்போகிற பின்வேலி.

கேட்பது சின்ன விஷயம். முன்பக்கம் கல் பதியுங்கள். பின்வேலியில் ஒரு மூலையை விடுங்கள். அங்கே நாயுண்ணி நின்றால் பிடுங்கிவிட்டு, கொன்றை, கறிவேப்பிலை, நாவல் நடுவோம். எருக்கலைப் பால் கண்ணுக்குக் கெடுதி. ஆகவே அதைச் சின்னப் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வைக்க வேண்டாம். மருந்து அடிக்காமல் விட்டால் மிச்ச வேலையைப் பூச்சிகளே பார்த்துக்கொள்ளும்.

சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருபவர்கள், வெட்ட முதல் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.