கருங்கோழி பொரித்த வெண்குஞ்சு



நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இன்று அங்கே பால்மரம் இல்லை, செம்பனை நிற்கிறது. அந்த நாளில் லயத்து வீடுகளின் பின்புறம் கோழிக்கூண்டு இல்லாத குடும்பம் அரிது. கோயில் நேர்த்திக்கடனுக்குக் கருஞ்சேவல் வேண்டுமென்று அம்மா கருப்புக் கோழிகளையே வைத்திருந்தார். ஒரே அடையில் பொரித்த சேவலும் பெட்டையும் அவை. அந்தப் பெட்டை முதன்முதலாகப் பொரித்த ஒன்பது குஞ்சுகளில் இரண்டு வெளுத்திருந்தன; வளர வளரச் சுத்த வெள்ளையாயின. அடுத்த வீட்டுப் பாட்டி வளர்த்தது வெள்ளைக் கோழிகள். "என் கூண்டு முட்டையை எடுத்து அடை வைத்துவிட்டாய்" என்றார் பாட்டி. சொல் தடித்தது, பிறகு இரு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிற்று. எங்கள் அம்மாவுக்கு லயம் முழுவதும் முட்டைத் திருடி என்ற பெயர் தங்கிவிட்டது.

அம்மா குற்றவாளியா, இல்லையா? விடை அந்தச் சண்டைக்கு வெகுகாலம் முன்பே புத்தகங்களில் இருந்தது. லயத்துக்குத்தான் வந்து சேரவில்லை.

இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் பலவகைக் கோழிகளைக் கலந்து பார்த்தவர். கருநிற ஸ்பானியச் சேவலையும் பட்டுக்கோழி எனப்படும் வெள்ளைப் பெட்டையையும் அவர் சேர்த்தபோது, பிறந்த சேவல்களில் ஒன்று கருப்புமன்று, வெள்ளையுமன்று. சிவப்புக் காட்டுக்கோழியின் நிறத்தோடு வளர்ந்தது. நம் பேராக் காட்டோரங்களில் மலாய்க்காரர்கள் ஆயாம் ஹூத்தான் என்று சொல்லும் அதே இனந்தான். வீட்டுக்கோழிகள் எல்லாம் அதன் வழி வந்தவை என்று 1868இல் வெளியிட்ட நூலில் டார்வின் முடிவு கட்டினார். மறைந்த மூதாதை நிறம் திரும்பி வருவதைக் கண்டவர், அது எப்படி வருகிறது என்பதை மட்டும் காணவில்லை. கிரகோர் மெண்டல் என்னும் பாதிரியார் பட்டாணிச் செடிகளை வைத்து அந்த வழியைக் கண்டு, 1866இலேயே அச்சிட்டுவிட்டார். ஆனால் 1900 வரை அதன் அருமையை உணர்ந்தவர் இல்லை.

செடிக்குப் பொருந்தியது உயிர்ப்பிராணிக்கும் பொருந்துமா? கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன் இந்தக் கேள்வியோடு கோழிகளிடம் போனார். பொருந்தும் என்று 1902இல் காட்டினார். அவருடன் ரெஜினால்ட் பன்னெட் சேர்ந்தார். அந்தலூசியன் என்ற நீலச் சாம்பல் நிறக் கோழி அக்காலத்து வளர்ப்பாளர்களுக்குப் பெரிய தலைவலி. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தாலும் குஞ்சுகளில் பாதிதான் நீலம். கால்பங்கு கருப்பு, கால்பங்கு அழுக்கு வெள்ளை. வளர்ப்பாளர்கள் அந்த இரண்டையும் கழித்துக் கழித்து அலுத்தார்கள். கருப்பிலிருந்து ஒரு கூறும் வெள்ளையிலிருந்து ஒரு கூறும் சேர்ந்ததே நீலம் என்று இந்த அறிஞர்கள் விளக்கினார்கள். எத்தனை தலைமுறை கழித்தாலும் நீலம் நிலைக்காது. நீலம் மட்டுமே வேண்டுமென்றால், தூக்கியெறிந்த கருப்பையும் வெள்ளையையும் அல்லவா ஒன்று சேர்த்திருக்க வேண்டும்!

ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கூண்டு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பண்புக்கும் தாய் ஒரு கூறு, தந்தை ஒரு கூறு தருகின்றன. கோழிகளில் ஒருவகை வெள்ளை ஒடுங்கு பண்பு. கருப்போடு சேர்ந்தால் உள்ளே அடங்கிக் கிடக்கும். எங்கள் சேவலும் பெட்டையும் உடன்பிறந்தவை. பாட்டன் வழியிலோ பாட்டி வழியிலோ வந்த வெள்ளையை இரண்டுமே மறைத்து வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு குஞ்சு வெள்ளையாகும். ஒன்பதில் இரண்டு என்பது அந்தக் கணக்குக்கு வெகு பக்கம். அன்றிரவே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பாட்டியின் குடும்பம் அதற்கு முன்பே தோட்டத்தை விட்டுப் போயிருந்தது.

"தாயைப் போலப் பிள்ளை" என்பது பழமொழி. கோழியில் சில நிறங்கள் இதையும் மீறுகின்றன. வெள்ளி நிறப் பெட்டையைப் பொன்னிறச் சேவலோடு சேர்த்தால், ஆண்குஞ்சுகள் தாயைப்போல் வெள்ளி, பெண்குஞ்சுகள் தந்தையைப்போல் பொன். இந்த நிறக்கூறைத் தாய்க்கோழி மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. முதல் உலகப் போரில் தீனி தட்டுப்பட்ட அனுபவத்தை வைத்து, பொரித்தவுடன் சேவலையும் பெட்டையையும் பிரிக்க இதைப் பயன்படுத்தலாம் என்றார் பன்னெட். இன்று நாம் வாங்கும் பழுப்பு முட்டையை இடும் கலப்பினக் கோழிகளில் பலவும் இப்படியே நிறம் பார்த்துப் பிரிக்கப்படுகின்றன. முட்டையிடாத ஆண்குஞ்சுகளைப் பொரித்த அன்றே அழித்துவிடுவதும் உண்டு. அது எனக்கு உவப்பான செய்தியன்று.

காலின் நிறத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியை, புதுச்சேரிப் பக்கம் வந்து சென்ற பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னேரா 1782இல் வெளியான நூலில் விவரித்தார். வீட்டுக்கோழியின் மூதாதை அதுவே என்பது அவர் கருத்து. டார்வின் ஒப்பவில்லை. சிவப்புக் காட்டுக்கோழியே மூதாதை என்பதை 2020இல் வந்த மரபணு ஆய்வும் உறுதி செய்தது. ஆனால் சொன்னேரா முழுதும் தோற்கவில்லை. சிவப்புக் காட்டுக்கோழியின் கால் சாம்பல் நிறம். நம் சந்தைக் கோழியின் மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று 2008இல் சுவீடன் நாட்டு உப்சாலா அறிஞர்களின் ஆய்வு காட்டியது. தீனியிலுள்ள மஞ்சள் சாயத்தைத் தோலில் சிதைக்கும் மரபணு அடங்கிப் போவதால் மஞ்சள் தங்கிவிடுகிறதாம். இதுவும் ஒடுங்கு பண்பே. தாய், தந்தை இருவரும் தந்தால்தான் வெளியே தெரியும்.

எங்கள் கருப்புப் பெட்டைக்குக் கால் என்ன நிறம் என்று சென்ற மாதம் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. பாட்டியின் வெள்ளைக் கோழிகளுக்கு மஞ்சள் கால் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.