சிப் வாசல் இன்டர்காம்

வாசலில் பொத்தானை அழுத்தியதும் இணைய நெறிமுறை வழியாக வீட்டுத் தொலைபேசியையோ கைபேசிச் செயலியையோ அழைக்கும் கருவி. அழைப்பைத் தொடங்கி முடிப்பது, ஆர்.எஃப்.சி. 3261 (2002) வரையறுத்த சிப் (SIP) நெறிமுறை. வழக்கமான போர்ட் 5060. கருவியின் அமைப்புப் பக்கத்தில் சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், பொத்தான் அழைக்கவேண்டிய எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். கதவைத் திறப்பதுதான் நுணுக்கமான இடம்: வீட்டிலிருப்பவர் தொலைபேசியில் குறிப்பிட்ட எண்ணை அழுத்த, அதன் தொனியைக் கருவி இனங்கண்டு, ரிலே என்னும் மின்சுவிட்ச் வழியாகப் பூட்டை விடுவிக்கிறது. தொனி அனுப்பும் முறை இருபுறமும் பொருந்தாவிட்டால் பேச்சு தெளிவாகக் கேட்கும், கதவு மட்டும் திறக்காது. ரிலே வெளிப்புறக் கருவிக்குள்ளேயே இருந்தால், கருவியைப் பெயர்த்துக் கம்பிகளை இணைத்தே உள்ளே நுழைந்துவிடலாம். வீட்டுக்குள் தனி ரிலே பொருத்துவதே பாதுகாப்பு. தயாரிப்பாளர் தந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.